கடுகு வெங்காயத்துக்கு ஒரு கூடை

வணக்கம் நேயர்களே. என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் எதைப் பற்றி என்று கேட்டபோது கூடை பின்னுவது பற்றி என்றேன், உடனே "ஓ, வயர் கூடையா?" என்றார்கள். நான் பழகியது அதில்தான். சிவன் கண் முடிச்சும் நெல்லிக்காய் முடிச்சும் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால் இப்போது என் உள்ளங்கையில் இருக்கும் கூடையில் ஒரு புளியங்கொட்டை வைத்தால் இடம் சரியாகிவிடும். பொம்மை வீட்டுச் சமையலறைக்காகப் பின்னியது.

பொம்மை வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற கணக்கில் போவார்கள். நிஜத்தில் ஒரு அடி, இங்கே ஒரு அங்குலம். ஆறடி ஆள் ஆறு அங்குலப் பொம்மை ஆகிவிடுவார். நம் புது தில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் இதே கணக்கில்தான் இங்கிலாந்து ராணி மேரிக்கு ஒரு பொம்மை வீடு கட்டிக் கொடுத்தார். 1924-இல் முடிந்த அந்த வீட்டில் மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் கூட உண்டு. இன்றும் வின்சர் கோட்டையில் இருக்கிறது. அதற்கும் இருநூறு வருடம் முன்னாலேயே ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஓர்ட்மான் என்ற பணக்கார அம்மாள் தன் பொம்மை வீட்டுக்குச் சீனாவிலிருந்து குட்டிப் பீங்கான் வரவழைத்திருக்கிறார். இரண்டுமே குழந்தைகள் உருட்டி விளையாடுவதற்காகச் செய்தவை இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் பெரியம்மா. "இந்த வயசுல சொப்பு விளையாட்டா?" என்று என்னைக் கேட்பவர், நவராத்திரி வந்தால் கொலுவுக்குக் கீழே மண் கொட்டி, கேழ்வரகு முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டில் குளம் கட்டி, அதில் வாத்து விடுவார். அது மட்டும் பக்தியாம்!

சரி, கூடைக்கு வருவோம். நிஜக் கூடையை அப்படியே சுருக்கினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆறு மில்லிமீட்டர் அகலமான ஓலைப் பட்டை பன்னிரண்டில் ஒரு பங்காகும்போது அரை மில்லிமீட்டர். அந்த அகலத்துக்கு ஓலையைக் கையால் கிழிக்க முடியாது. இரண்டு பிளேடை நடுவில் அட்டை வைத்து ஒட்டிக்கொண்டு, நனைத்த குருத்தோலையின் மேல் நார் போகிற போக்கிலேயே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அகலம் சரியாக வந்துவிடும், ஆனால் தடிமன் குறையாதே! ஓலை தன் பாட்டுக்கு விறைத்துக்கொண்டு நிற்கும், வளைத்தால் ஒடியும். செட்டிநாட்டில் ஆச்சிமார் சீருக்குப் பின்னுகிற கொட்டானில் ஓலை எவ்வளவு அழகாக மடங்குகிறது, அந்த நினைப்பில் நான் பாழாக்கிய ஓலைக்குக் கணக்கே இல்லை. அப்புறம் இன்னொன்று: இந்த வேலைக்கு மின்விசிறி ஆகாது. சென்னையில் மே மாதம் விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும்போது யாரோ உள்ளே வந்து பாவம் என்று சுவிட்சைப் போடுவார்கள், ஒரு மணி நேரம் கிழித்த நார் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அதனால் இப்போது பெரும்பாலும் நூல்தான். மெழுகுவர்த்தியில் நாலு தடவை உரசி எடுத்த தடித்த நூல். மெழுகு ஏறினால் பிசிறு படிந்துவிடும், போட்ட இடத்தில் நிற்கும். அடிக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை, அது வீட்டில் எப்போதும் இருக்கும். பத்து ரூபாய் நாணயத்தை விடச் சின்னதாக ஒரு வட்டம் வெட்டி, ஓரத்தில் ஊசியால் துளை போட்டு, மெல்லிய கம்பியைக் குத்துக் கம்பிகளாக நிறுத்த வேண்டும். துளை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், முதல் கூடையில் இதை மறந்து அவஸ்தைப்பட்டேன். ஒரு கம்பிக்கு முன்னால், அடுத்ததற்குப் பின்னால் என்று நூலைச் சுற்றிக்கொண்டு போகிறோம். கம்பி பதினாறு என்றால் இரண்டாவது சுற்றிலும் அதே கம்பிக்கு அதே பக்கம் வந்து நிற்கும், பின்னலே விழாது. பதினேழு என்றால் சுற்றுக்குச் சுற்று தானாக மாறிக்கொள்ளும். வட்டத்தைப் பதினேழாகப் பிரிக்க யாரால் முடியும்? அட்டையைப் பதினாறாகக் குறித்துவிட்டு, ஏதோ ஒரு இடைவெளியில் இன்னொரு துளையைத் திருட்டுத்தனமாகச் சேர்த்துவிடுவேன். அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

பார்க்கிறவர் கண்ணில் முதலில் குத்துவது விளிம்பு. உடம்பு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், விளிம்பில் ஒரு நூல் தடித்துவிட்டால் கூடை பொம்மை வீட்டில் இருக்காது, மேசை மேல் கிடக்கும் ஏதோ ஒரு கைவேலை ஆகிவிடும். இது ஏன் என்று எனக்கே விளக்கத் தெரியவில்லை. அதனால் விளிம்புக்கு மட்டும் பூவேலை நூலில் ஒற்றை இழையைப் பிரித்து எடுத்துக்கொள்கிறேன். கைப்பிடிக்கும் அதேதான்.

கூடைக்குள் என்ன வைப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காலிக் கூடை கடையில் வாங்கி வைத்தது போல இருக்கும், ஏதாவது போட்டால்தான் அந்த வீட்டில் ஆள் இருப்பது போலத் தோன்றும். கடுகைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், சின்ன வெங்காயம். நிறம்கூடப் பூச வேண்டாம். கசகசா கொண்டைக்கடலை ஆகும். ஆனால் முறத்தில் அரிசி வைக்க நிஜ அரிசியைப் போட்டேன், முறம் முழுக்க வெள்ளரிக்காய் பரப்பியது போல இருந்தது! ஒரு அரிசி ஏழு மில்லிமீட்டர் என்றால், அங்கே அது எட்டு சென்டிமீட்டருக்கு மேல். எடுத்துவிட்டு ரவையைப் போட்டேன். அச்சு அசல் அரிசி.

போன வாரம் அந்த ரவையைத் தேடி ஒரு எறும்பு வந்துவிட்டது. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அடுப்புத் திட்டில் ஏறி, அம்மியைச் சுற்றி, வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நின்று மீசையை ஆட்டியது. ஊத நினைத்தவள், மனதுக்குள் பன்னிரண்டால் பெருக்கினேன். சரியாக ஒரு கரப்பான் பூச்சி. விட்டுவிட்டேன், அந்தச் சமையலறையில் அது ஒன்றுதான் இல்லாமல் இருந்தது.