முன்சீப் கோர்ட்

நேயர்களுக்கு வணக்கம். வரப்புத் தகராறு, கைமாற்றுக் கடன், பாகப்பிரிவினை என்று ஏதாவது ஒன்றுக்காக உங்கள் வீட்டில் யாராவது முன்சீப் கோர்ட்டுப் படி ஏறியிருப்பார்கள். தமிழில் அதற்கு மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் என்று பெயர். ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் ‘முன்சீப் கோர்ட்டுக்கு எப்படிப் போகணும்?’ என்றுதான் வழி கேட்கிறார்.

இது அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த சொல். அரபியில் ‘நிஸ்ஃப்’ என்றால் பாதி. இந்திப் படங்களில் காதில் விழுமே ‘இன்சாஃப்’, நியாயம், அதுவும் இதே வேர்தான். முன்சீப் என்றால் நியாயம் செய்கிறவர். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் கோர்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பேன்.

1793இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காளத்தில் சிறு வழக்குகளை விசாரிக்க உள்ளூர்க்காரர்களை முன்சீப்புகளாக்க வழி செய்தார். சென்னை மாகாணத்தில் 1816இல் மாவட்ட முன்சீப், கிராம முன்சீப் என இரு பதவிகளுக்கும் சட்டம் வந்தது. பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவின் முயற்சி அதன் பின்னால் இருந்தது. கிராம முன்சீப் 10 ரூபாய் வரையிலான வழக்கைத் தீர்க்கலாம். நம் தாத்தாக்கள் பார்த்த கிராம முன்சீப் பெரும்பாலும் கிஸ்தி வசூலித்து, பிறப்பு இறப்பு எழுதியவர். 1980இல் அந்தப் பதவியும் போய்விட்டது.

சரி, எனக்குப் பிடித்த மனிதருக்கு வருகிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஊர்களில் முன்சீப்பாக இருந்தவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட், அதாவது அன்றைய கம்பெனியின் மேல்முறையீட்டுக் கோர்ட், தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். எந்தச் சட்டத்தால் தன் நிலம் போனது என்று இங்கிலீஷ் தெரியாத குடியானவர் எப்படித் தெரிந்துகொள்வார்? அந்தக் கேள்வியை 160 வருஷத்துக்கு முன்பே ஒரு முன்சீப் கேட்டுக்கொண்டு, ராத்திரி விளக்கில் எழுத உட்காரும் அளவுக்கு மனம் வைத்திருக்கிறார். தீர்ப்பு சொன்னால் போதாது, தோற்றவருக்கும் அது புரிய வேண்டும். இதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விட்டதில்லை. இன்றும் சொல்கிறேன், தோற்றவருக்கும் புரிய வேண்டும்.

சிரஸ்தார், வக்காலத்து, ஜப்தி எல்லாம் பேச நினைத்தேன், நேரம் இல்லை. அமீனாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜப்திக்கு வரும் அந்த அமீனாவின் பெயர் ‘அமீன்’ என்ற அரபிச் சொல். நம்பிக்கைக்கு உரியவர் என்று பொருள். வணக்கம்.