20 ரூபாய்ப் பத்திரத்தில் தீராத கல்யாணம்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கல்யாணம், பிள்ளைகளின் உரிமை, விவாகரத்து, ஜீவனாம்சம் என்று நான்கையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான்கையும் ஒரே மூச்சில் கெடுக்கிற காரியம் ஒன்று நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. வக்கீலாக இருந்த காலமெல்லாம் நான் அதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன், இன்றும் அதையே சொல்கிறேன்: பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கல்யாணம் முறியாது.

நான் சொல்வது 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தை வைத்து. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன.

முதலில் கல்யாணம். சட்டம் இங்கே ரொம்பக் கெடுபிடி காட்டுவதில்லை. பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், இரு வீட்டில் ஒரு வீட்டு வழக்கப்படியாவது சடங்கு நடந்திருக்க வேண்டும். நம் கொங்குக் கல்யாணங்களில் சடங்கு நடத்தி வைக்கும் அருமைக்காரர் முன்னின்று இணைச்சீர் முதலாக எல்லாச் சீரும் செய்து வைக்கிறாரே, அது தாராளமாகச் செல்லும். சடங்கே வேண்டாம், சொந்தபந்தம் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும் என்று 1967-ல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு திருத்தமே வந்தது. 2009-ஆம் வருடச் சட்டப்படி எந்தக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். மண்டபத்துக்கும் சமையலுக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் இதற்கு மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் அசையாது. இருவரில் யாருக்கும் உயிரோடு வேறு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டாவது கல்யாணம் கல்யாணமே இல்லை.

என்னிடம் ஒரு அம்மிணி வந்தார். ஊர் வேண்டாம், காங்கயம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர், பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போனால், விசாரணையில் முதல் மனைவியின் பெயர் வருகிறது. அம்மிணி பதறவில்லை. மஞ்சப்பையில் இருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். வீட்டுக்காரரும் முதல் மனைவியும் எழுதிக்கொண்ட 20 ரூபாய்ப் பத்திரம், கிழியாமல் இருக்க லேமினேஷன் வேறு செய்திருந்தார்கள். ‘இன்று முதல் நம் இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்.’ அதற்குக் கீழே, பெண் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்த பித்தளை அண்டா ஒன்று, குத்துவிளக்கு ஒரு ஜோடி. ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேரின் கையெழுத்து. அண்டாவுக்குக் கூடக் கணக்கு எழுதியவர்கள், கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

‘ஏனுங்க வக்கீலய்யா, ஊரே கூடி நின்னு எழுதுனதுங்களே, அது பொய்யாங்க?’ என்று கேட்டார். எழுதினவர்கள் நல்ல மனசோடுதான் எழுதினார்கள். ஆனால் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டாலும் ஐம்பது பேர் போட்டாலும், நோட்டரி முத்திரையே வைத்தாலும் அது விவாகரத்து ஆகாது. எங்கள் பக்கம் ஊர் கூடிக் கல்யாணத்தை முறித்துவிடும், அதாவது அத்துவிடும் வழக்கம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். சட்டம் அதற்கும் இடம் வைத்திருக்கிறது, ஆனால் அது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பதைக் கோர்ட்டில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அம்மிணியால் முடியவில்லை. அதனால் மனைவி என்ற பங்கு முதல் மனைவிக்குப் போனது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவரும் இத்தனை காலம் அப்பா வீட்டில் வாழாவெட்டி என்று பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்தான்.

அம்மிணியின் பிள்ளைகளை மட்டும் சட்டம் கைவிடவில்லை. கல்யாணம் செல்லாவிட்டாலும் பிள்ளை சட்டப்படியான பிள்ளைதான் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அப்பா அம்மாவின் சொத்தில் பங்கு உண்டு, பாகம் பிரித்தால் அப்பாவுக்கு விழும் பூர்வீகப் பங்கிலும் உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியப்பா, சித்தப்பா சொத்தில் அந்தப் பிரிவைக் காட்டிக் கேட்க முடியாது. சரி, இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பத்திரத்தை நம்பிப் பெண் வேறொருவரோடு வாழ்ந்து குழந்தை பிறந்தால், சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தைக்கு அப்பா முதல் கணவர். சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அது மாறும். கேட்டதும் டிஎன்ஏ சோதனைக்குக் கோர்ட் உத்தரவு போடாது.

அப்படியானால் என்னதான் செய்வது? பெரியவர்கள் பேசி முடித்ததையே கோர்ட்டுக்குக் கொண்டு போங்கள், அவ்வளவுதான். ஒரு வருடம் பிரிந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம், யார் மேல் தப்பு என்று ஊர் முன்னால் அலச வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். சமாதானத்துக்கு வழியே இல்லையென்றால் அந்தக் காத்திருப்பையும் தள்ளிவிடலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், ஜீவனாம்சத்துக்கு ஒரு நிமிடம்தான் மிச்சம். வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாகக் கேட்கலாம். விவாகரத்து ஆன பிறகும், மறுமணம் செய்யாத வரை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாத பெண் கேட்கலாம். மனுப் போட்ட தேதியில் இருந்து கணக்கு. இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும், 2020 தீர்ப்பு அது. இந்து திருமணச் சட்டத்தில் கணவனும் கேட்கலாம். ‘கேட்க மாட்டேன்’ என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததை மட்டும் வைத்துக் கோர்ட் கதவைச் சாத்தாது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள் அம்மிணிகளா, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். தத்து எடுப்பதைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன், நேரமில்லை. வணக்கமுங்க.