எங்கள் கொல்லையில் குடியிருக்கும் மான்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மெதுவாகத்தான் பேசுவேன், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம், எங்கள் ஊர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். அதோ, அந்தத் துவரைச் செடிகளுக்குப் பின்னால் ஒரு காது அசைகிறதே, தெரிகிறதா? இருங்கள், ஜூம் பண்ணுகிறேன். புள்ளிமான்.

மானைப் பார்த்தாலே ஜவ்வாது மலையிலிருந்து வழி தவறி வந்துவிட்டது என்பார்கள். இந்தக் கூட்டம் வழி தவறவில்லை. மூன்று வருடமாகப் பார்க்கிறேன், இங்கேயேதான் இருக்கின்றன. பகலில் காய்ந்த ஏரிக்குள் வேலிகாத்தான் புதரில் படுக்கை, பொழுது சாய்ந்தால் கொல்லையில் மேய்ச்சல். வேலிகாத்தான் காயையும் தின்னும். தண்ணீருக்கு பம்புசெட் வாய்க்கால். புள்ளிமானுக்கு அடர்ந்த காட்டைவிடப் புல்லும் புதரும் கலந்த இடம்தான் பிடிக்கும்.

இது பெரியப்பாவின் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம். கொழுந்தெல்லாம் கடித்திருக்கிறது. ஈர மண்ணில் குளம்படி பாருங்கள், புளியங்கொட்டையைப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி. சுற்றிலும் பழைய புடவை கட்டினார். இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் குனிந்து உள்ளே வந்துவிட்டன. அவர் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் ஒரு கல் எறிந்ததில்லை.

அப்புறம், போன மாசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாய்கள் துரத்தி, ஓர் ஆண் மான் சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்துவிட்டது. வலை போட்டு மேலே ஏற்றினார்கள். பெரிய காயம் எதுவும் இல்லை. ஊரே சுற்றி நின்று கூச்சல், செல்ஃபி. சாயந்திரத்துக்குள் செத்துப்போனது. துரத்திப் பிடித்த பயத்திலேயே மானுக்குத் தசை சிதைந்து உயிர் போய்விடும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்று எடுத்த வீடியோவை நான் போடவே இல்லை.

உங்கள் கிணற்றுக்குச் சுவர் இல்லையென்றால் முள்ளாவது வெட்டிப் போடுங்கள். குட்டி தனியாகப் படுத்திருந்தால் தூக்காதீர்கள். தாய் அதைப் புதரில் மறைத்துவிட்டு மேயப் போயிருக்கும், திரும்பி வரும். அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை நாயையும் ஆட்களையும் தள்ளி நிறுத்துங்கள்.

சரி, அந்தப் பெண் மான் முன்னங்காலைத் தரையில் தட்டுகிறது. என்னைப் பார்த்துவிட்டது. நான் எழுந்து போனால்தான் அது மேய இறங்கும். கேமராவை அணைக்கிறேன்.