வெளிச்சத்துல நடந்தா யாரோட ஐக்கியம்?

நேயர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 1 யோவான் முதலாம் அதிகாரம் அஞ்சாம் வசனம் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம், தேவன் ஒளியாயிருக்கிறார், அவரில் எவ்வளவேனும் இருளில்லை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். நான் பேச வந்தது ரெண்டு வசனம் தள்ளி இருக்கற ஏழாம் வசனம். அவர் ஒளியில இருக்கிறதுபோல நாமும் ஒளியில நடந்தா... இங்க நிறுத்திட்டு அடுத்து என்னன்னு கேட்டா பாதிப் பேர் 'தேவனோடு ஐக்கியப்பட்டிருப்போம்'னு முடிப்பாங்க. நியாயமாப் பாத்தா அப்படித்தான் வரணும், ஏன்னா ஆறாம் வசனம் அவரோட ஐக்கியத்தப் பத்தித்தான் பேசுது. ஆனா யோவான் எழுதறது ஒருவரோடொருவர் ஐக்கியப்பட்டிருப்போம்னு. அதாவது பக்கத்து பெஞ்சுக்காரரோட. எனக்கு இது கொஞ்சம் சங்கடமான வசனம், கடவுளோட சரியா இருக்கேன்னு சொல்லித் தப்பிச்சுக்க முடியாது பாருங்க.

கொஞ்சம் எருசலேமுக்குப் போவோம். கூடாரப்பண்டிகை சமயத்துல தேவாலயத்துல பெண்கள் பிராகாரத்துல உயரமான பொன் விளக்குத் தண்டுகள ராத்திரி ஏத்துவாங்கன்னு யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்லுது. ஒவ்வொரு தண்டு உச்சியிலயும் நாலு கிண்ணம், ஏணியில ஏறி எண்ணெய் ஊத்தறது ஆசாரியர் வீட்டு இளவட்டப் பசங்க, அப்புறம் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் அந்தத் திரி, புதுத்துணி இல்ல, ஆசாரியருங்க உடுத்திப் பழசாப்போன கால்சட்டையையும் இடைக்கச்சையையும் கிழிச்சுத் திரிச்சது. அந்த வெளிச்சம் விழாத முற்றமே எருசலேம்ல கிடையாதாம். பெரிய பெரிய பக்திமான்கள் கையில தீவட்டியோட ஆடுவாங்களாம், சபையில கொஞ்சம் கைதட்டினாலே திரும்பி முறைக்கற நம்ம பெரியவங்க இதக் கவனிக்கணும்.

இந்தப் பண்டிகைய ஒட்டித்தான் இயேசு 'நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்'னு சொல்றாரு. எங்க நின்னு சொன்னாருன்னும் யோவான் எழுதி வச்சிருக்காரு, தர்மப்பெட்டி இருக்கற இடம். அந்தப் பெட்டிங்க இருந்தது அதே பெண்கள் பிராகாரத்துலதான், ஆண், பெண், ஏழை விதவைன்னு எல்லாரும் வந்து நிக்கற இடம். ஊரே சேந்து நிக்கற வெளிச்சம் அது, ரூமுக்குள்ள தனியா ஏத்தி வச்சுக்கற விளக்கு இல்ல.

இப்ப நம்ம வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வாங்க. பாட்டு, வேதவாசிப்பு எல்லாம் முடிஞ்சதும் ஜெபவிண்ணப்பம் இருந்தா சொல்லுங்கம்பாங்க. பையனுக்கு வேலை, பொண்ணுக்கு வரன், மூட்டுவலி, அடுத்த வாரம் பெங்களூர் பிரயாணம். எல்லாம் சரிதான், சொல்ல வேண்டியதுதான். ஆனா கூடப்பொறந்தவனோட வரப்புத் தகராறு, வருசக்கணக்கா முகத்தப் பாக்கறதில்ல, எனக்காக ஜெபிங்கன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ஆபீஸ்ல கைநீட்டிப் பணம் வாங்கிட்டேன், தூக்கம் வரலன்னு? சொல்ல மாட்டோம், ஏன்னா சொன்னா நாளைக்கே ஊருக்குத் தெரியும், அதுவும் 'அண்ணனுக்காக ரொம்ப ஜெபம் பண்ணுங்க'ன்னு வாட்ஸ்அப்புல விண்ணப்பமாவே பரவும். டீயும் மிக்சரும் சாப்பிட்டு எந்திரிச்சு வந்துடறோம். திருமண்டலத் தேர்தல் வந்தா கேக்கவே வேணாம், ஒரே பெஞ்சு ரெண்டு அணியாப் பிரிஞ்சு கோர்ட் வரைக்கும் போகும், திருவிருந்துக்கு மட்டும் வரிசையா முழங்கால் போடுவோம்.

வெளிச்சத்துல நடக்கறதுங்கற இந்த வசனத்த வாழ்க்கை முறையாவே எடுத்துக்கிட்டவங்க கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்தாங்க. ருவாண்டாவுல ககினிங்கற ஊர்ல மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஜோ சர்ச், இங்கிலாந்துக்காரர், பஞ்ச காலத்துல உழைச்சு உழைச்சு ஓஞ்சுபோய் 1929-ல உகாண்டா கம்பாலாவுக்கு வர்றாரு, அங்க சிமியோனி ன்சிபாம்பிங்கற உகாண்டா விசுவாசியப் பாக்கறாரு, ரெண்டு பேரும் உக்காந்து பைபிளப் படிச்சு ஜெபிச்சாங்க. அப்புறம் 1930கள்ல ககினில கிளம்பின எழுப்புதல் உகாண்டா, கென்யான்னு பரவுச்சு. இவங்களுக்கு லுகாண்டா பாஷைல பலோகோலேன்னு பேரு, ரட்சிக்கப்பட்டவங்க. சின்னச் சின்னக் குழுவாக் கூடுவாங்க, செஞ்ச தப்ப மத்தவங்க முன்னாடி வாய்விட்டுச் சொல்லுவாங்க, திருடினதத் திருப்பிக் குடுப்பாங்க. வெள்ளைக்கார மிஷனரிங்களே ஆப்பிரிக்க சகோதரங்க முன்னாடி, உங்களக் கீழா நடத்திட்டோம், மன்னிச்சுக்குங்கன்னு கேட்டாங்க, அதுவும் காலனி ஆட்சி நடந்த காலத்துல! கென்யாவுல 1950கள்ல வெள்ளைக்கார ஆட்சிய எதிர்த்து மாவ் மாவ் போராட்டம் வந்தப்ப இவங்கள்ல நிறையப் பேர் போராளிங்க கேட்ட ரகசிய சத்தியமும் பண்ண மாட்டோம், அரசாங்கம் குடுக்கற துப்பாக்கியும் வேணாம்னு நின்னாங்க, அதுக்காக சில பேர் உயிரையும் விட்டாங்க.

கதைய இதோட முடிச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா அதே ருவாண்டாவுலதான் 1994-ல ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டாங்க, பெரும்பாலும் டுட்சி இனத்தவங்க, கொன்னது பெரும்பாலும் ஹூட்டு இனத் தீவிரவாதிங்க, தஞ்சம்னு ஓடி வந்தவங்கள சர்ச்சுக்குள்ளயே வச்சு வெட்டினாங்க, நியாமாட்டாவிலயும் ன்டராமாவிலயும் அந்த சர்ச் கட்டடங்க இன்னிக்கு நினைவிடமா நிக்குது. உயிரப் பணயம் வச்சு அடுத்தவங்களக் காப்பாத்தினவங்களும் அந்த நாட்டுல இருந்தாங்க. எனக்குத் தோணறது என்னன்னா, குடி, திருட்டு, பொய் எல்லாத்தையும் அறிக்கை பண்ணவங்க இருந்த ஊர்ல, நீ ஹூட்டு, அவன் டுட்சிங்கற விஷயத்துக்கு மட்டும் போதுமான வெளிச்சம் படவே இல்ல. நாம அவங்களக் குத்தம் சொல்ல யோக்கியதை இல்லாதவங்க. நம்ம ஊர்க் கல்லறைத் தோட்டத்துல சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி நடுவுல சுவரு கட்டின கதையெல்லாம் யாருக்குத் தெரியாது? இந்தச் சுவரப் பத்தி எந்த உபவாச ஜெபத்துலயாவது யாராவது அழுதிருக்கோமா?

இன்னொரு ஆபத்தும் இருக்கு. வெளிச்சம்னதும் சில பேர் மொபைல் டார்ச்ச ஆன் பண்ணி அடுத்தவன் மூஞ்சில அடிப்பாங்க, அவனுக்குக் கண்ணு கூசும், இவங்க மட்டும் இருட்டுலயே நிப்பாங்க. யோவான் நடங்கன்னுதான் சொல்றாரு, அடிங்கன்னு சொல்லல. அந்த வசனத்தோட கடைசியையும் பாருங்க, இயேசு கிறிஸ்துவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கி நம்மைச் சுத்திகரிக்கும்னு இருக்கு. குளிச்சு முழுகி சுத்தமாயிட்டு வெளிச்சத்துக்கு வான்னு சொல்லல, வா, அங்கதான் சுத்தம் பண்றதேங்கறாரு. அழுக்கோட போறதுக்குத்தான் நமக்கு வெக்கம்.

இதுக்கு மைக்கப் புடிச்சு சாட்சி சொல்லணும்னு கட்டாயமில்ல. யாக்கோபு உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கன்னு எழுதறாரு, வாயக் கட்டி வச்சுக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் போதும். பகை இருந்தா சம்பந்தப்பட்ட ஆளுகிட்டயே போங்க. இவ்வளவு நேரம் கேட்டதுல உங்களுக்கு யாராவது ஒருத்தர் பேரு மனசுல வந்திருக்கும், இப்ப பாட்டு போடுவாங்க, அத விட்டுட்டு போன் பண்ணுங்க, ரேடியோக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்க.