கடலுக்குப் போனவர்களின் பெயரை இப்போதே எழுதுங்கள்

(ஒக்கி புயலின் நினைவுநாளையொட்டி, குமரி மாவட்டக் கத்தோலிக்கக் கோயில் பங்குகளின் பிரதிநிதிகள் கூடிய பேரிடர் ஆயத்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இயேசுவுக்கே புகழ்!

மேடையில் வீற்றிருக்கும் பேரன்புக்குரிய ஆயர் அவர்களே, வட்டார முதல்வர் தந்தை அவர்களே, இந்த மண்ணின் பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் மீன்துறை அதிகாரி அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, பங்குப்பேரவைத் துணைத்தலைவர்களே, வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களே, அன்பியங்கள் என்னும் அக்கம்பக்க வீட்டுக் குழுக்களின் பொறுப்பாளர்களே, கடற்கரையிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் வந்திருக்கும் என் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஆயர் அவர்களுக்கு மாலையில் உறுதிபூசுதல் திருப்பலி இருக்கிறது. அப்படியிருந்தும் காலை முதல் இந்த நாற்காலியை விட்டு எழாமல் ஒவ்வொருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி. மீன்துறை அதிகாரி அவர்களை நாம் கேள்வி கேட்கத்தான் அழைத்தோம். அது தெரிந்தும் முகம் சுளிக்காமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் நன்றி. பந்தல் போட்ட இளைஞர்களுக்கும், இந்தக் கூட்டத்துக்கே கடுங்காப்பி போட்டுத் தந்த அன்பியத்துப் பெண்களுக்கும் தனியாக ஒரு கைதட்டல் கொடுங்கள். நிவாரண வேலை என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டு விஷயங்கள் பேச விரும்புகிறேன். ஒன்று, புயல் அடித்தால் பங்கில் என்ன பொருள் சேர்க்க வேண்டும் என்பது.  இரண்டு, கடலுக்குப் போனவர்கள் யார் யார் என்ற கணக்கு. என்னை அறிந்தவர்களுக்கு என் வாயில் அடிக்கடி வரும் பழமொழியும் தெரியும்: வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும். இன்றைக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, இரண்டு மணக்குடிகள் எல்லாம் என்ன ஆயின என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மணக்குடிப் பாலமே பிய்த்துக்கொண்டு போனது. அந்த வாரம் நம் நாட்டு மக்கள் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் வந்து குவிந்ததில் பாதி பழைய துணி. கிழிந்த சேலை, பட்டன் இல்லாத சட்டை. உறவைப் பறிகொடுத்தவனுக்கு அடுத்தவன் கழித்துப்போட்ட சட்டையைக் கொடுப்பது இரக்கம் ஆகாது. பாய், போர்வை, சமையல் பாத்திரம், டார்ச், பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்து, பெண்களுக்கு நாப்கின், இவை வேண்டும். உள்நாட்டுப் பங்குகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒக்கியில் என்ன வேண்டியிருந்தது? கடற்கரை வீடுகள் பெரும்பாலும் நின்றன. வீட்டு ஆண்கள்தான் இல்லை. 2017 நவம்பர் 29ஆம் தேதி தாழ்வு மண்டலம் என்றார்கள். மறுநாள் காலை கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் அது புயலாகிவிட்டது. உள்நாட்டில் எங்களுக்கு வாழையும் ரப்பரும் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, பல நாள் இருட்டு. கோட்டாற்றில் சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, பூத்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஊர்களில் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கத் தங்கல் போனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பியிருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்கள் ஒயர்லெஸ்ஸுக்கு எட்டாது. கரையில் இருந்தவர்கள் தங்கள் படகையே எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். அன்றைக்கு அந்தப் பங்குகளுக்கு அரிசியைவிட முதலில் தேவைப்பட்டது டீசல். தேடப் போகிற படகுக்கு டீசல் ஊற்றுவதும் நிவாரணம்தான். இதை எத்தனை பேர் யோசித்திருப்போம்?

இப்போது ஒரு நிகழ்ச்சி. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலோரப் பங்கு ஒன்றில் ஓர் அம்மா. பெயர் வேண்டாம், அவருடைய உறவினர் இந்தப் பந்தலிலேயே இருக்கக்கூடும். மகன் கொச்சி தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து தங்கல் போனவன். புயல் அடித்த மறுநாள் கோயில் முற்றத்தில் மேசை போட்டுப் பெயர் எழுதினார்கள். "எந்தப் படகு?" என்று கேட்டதும் அம்மா தயங்காமல் சொன்னார், மருமகனுடைய அண்ணன் படகு என்று. எழுதினார்கள். பட்டியல் அதிகாரிகளுக்குப் போனது.

சில நாளில் அந்தப் படகு லட்சத்தீவில் கரையேறிவிட்டது என்று சேதி வந்தது. வீட்டில் அழுகை நின்றது. அடுப்பு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அம்மா கோயிலுக்கு ஓடி மாதா சுரூபத்துக்கு முன் முழங்காலிட்டார். அன்று இரவு தீவிலிருந்து அந்தப் படகுக்காரர் எப்படியோ ஒரு போன் பிடித்துப் பேசினார். "மகன்கிட்ட கொடு" என்றார் அம்மா. அந்தப் பக்கம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "அம்மா, அவன் எங்க படகுல ஏறவே இல்லையே. கிளம்புற அன்னைக்கு வேற படகுல ஒருத்தனுக்குக் காய்ச்சல்னு ஆள் கேட்டாங்க. அதுல போயிட்டான்."

எந்தப் படகு? அவருக்குத் தெரியவில்லை. உரிமையாளர் வேறு ஊர், அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் காலை அப்பா ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே மகன் பெயர் பட்டியலில் இல்லை. படகு கரை சேர்ந்துவிட்டதால், அதில் இருந்த எல்லோரும் மீண்டதாக எடுத்து, அடித்துவிட்டார்கள். "படகு வந்துவிட்டதே, ஆள் எப்படிக் காணாமல் போவார்?" என்று கேட்டார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். கடலில் சோதனை உண்டு என்பதால் மீனவர் பயோமெட்ரிக் அட்டையைக் கையோடு கொண்டுபோகிறார்கள். ஆதாரும் அவன் பையில்தான். மகன் இருக்கிறான் என்பதற்கு வீட்டில் ஒரு கல்யாண ஆல்பம் தவிர வேறில்லை. பங்குத்தந்தை ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தார். திருமணப் பதிவேட்டை எடுத்தார். சான்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அவன் பிறந்ததும் மணமுடித்ததும் பங்கில் இருந்தது. எந்தப் படகில் ஏறினான் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அதற்குள் தொலைக்காட்சியில் சேதி ஓடியிருந்தது: மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் 68 படகுகள், 952 மீனவர்கள் பத்திரமாக ஒதுங்கியிருக்கிறார்கள். அதில் கேரளப் படகுகள் 66, தமிழ்நாட்டுப் படகுகள் 2. அம்மாவும் பார்த்தார். நம்மவர்கள் இரண்டே படகு, அதில் நம் பிள்ளை இருக்க வழியில்லை என்று மறுபடி பாயில் படுத்துவிட்டார். எண் வந்தது. பெயர் வரவில்லை.

பிறகு ஒருநாள், தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. "அம்மா, கஞ்சி குடிச்சியா?"

(கைதட்டல்)

கைதட்டுங்கள், நானும் இதைக் கேட்டபோது அழுதேன். அந்த 66 கேரளப் படகுகளில் ஒன்றில்தான் அவன் இருந்தான். அம்மா முதலில் கேட்டது என்ன தெரியுமா? "எலே மக்களே, எந்தப் படகுல ஏறுறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கப்படாதா?"

அந்த அம்மா கேட்டதைத்தான் நான் இந்த மேடையில் நின்று எல்லாப் பங்குகளையும் பார்த்துக் கேட்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். கொச்சியில் நிற்கும் ஆழ்கடல் தூண்டில், வலைப் படகுகளில் பெரும்பகுதி நம் தூத்தூர் வட்டாரத்தாருடையவை. படகின் எண் கேரளம். அதில் ஏறுகிற ஆள் தமிழ்நாடு. அவன் பங்கோ, தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அன்றைய பேராயர் சூசை பாக்கியம் அவர்களே மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர்தான். கிழக்கே வந்தால் கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்கள். இரண்டு மாநிலம், மூன்று மறைமாவட்டம். இவற்றுக்கு நடுவில் ஒரு மனிதன் பெயர் விழுந்துவிட எவ்வளவு இடம் இருக்கிறது! காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அரசு ஒன்று சொன்னது, திருஅவை ஒன்று சொன்னது, மீனவர் அமைப்புகள் வேறு சொன்னார்கள். டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்டதில் முதன்மையானது, எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்பது. தேடுகிறவனுக்கு யாரைத் தேடுவது என்று தெரிய வேண்டாமா?

இதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. காணாமல் போனவரைப் பற்றி ஏழு ஆண்டு எந்தச் சேதியும் இல்லை என்றால்தான் இறந்துவிட்டதாக நீதிமன்றம் கொள்ளும். அதுதான் சாட்சியச் சட்டம் சொல்வது. ஒக்கியில் அந்த ஏழு ஆண்டைக் காத்திராமல் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுக்க அரசு முன்வந்தது. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அந்தப் பணத்துக்கும் யார், எந்தப் படகு, எப்போது கிளம்பியது என்று காட்ட வேண்டும். பெயர் இல்லாத வீட்டுக்கு எந்த அரசாணையும் உதவாது.

அதிகாரி அவர்கள் சற்று முன் டிரான்ஸ்பாண்டர் பற்றிச் சொன்னார். ஒக்கிக்குப் பிறகு வந்த நல்ல காரியம். இஸ்ரோ செய்த கருவி. ஆபத்தில் படகிலிருந்து கரைக்குச் சேதி அனுப்பலாம். ஒவ்வொரு படகிலும் வைக்க வேண்டும், பழுதானால் உடனே பழுது பார்க்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் ஐயா, அது படகு எங்கே என்று சொல்லும். உள்ளே யார் என்று சொல்லாது. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்று நான் சொல்வது இந்தப் பெயரைத்தான். அதை எழுத ராக்கெட் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

பங்கைத் தவிர வேறு யாரால் இதைச் செய்ய முடியும்? ஒவ்வொரு வீடும் ஓர் அன்பியத்தில் இருக்கிறது. அன்பியத்துக்கு ஒரு பொறுப்பாளர், பெரும்பாலும் ஓர் அம்மா. யார் வீட்டில் யார் கடலில் என்று அவருக்குத் தெரியும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, ஒக்கி நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கடற்கரை மக்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரமாயிரம் பேரைக் காப்பாற்றினார்கள். ஒரே இரவில் பங்குகள் வழியாக ஆளும் படகும் திரண்டன. அந்தத் திறமை நம்மிடம் இருக்கிறது. அதை நம் பிள்ளைகளுக்காகவும் பயன்படுத்துவோம்.

நோட்டில் என்ன எழுதுவது? பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் போன் எண், படகின் பெயரும் பதிவு எண்ணும், உரிமையாளர் யார், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் தேதி கிளம்பினார். அடையாள அட்டையின் நகல் ஒன்று வீட்டில், ஒன்று பங்கு அலுவலகத்தில். படகு மாறினால் வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி, வீட்டிலிருந்து அன்பியப் பொறுப்பாளருக்கு ஒரு வார்த்தை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இன்றைக்கு நம் படகுகளில் அசாம், ஒடிசா, வங்காளத்துப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். அவர்கள் எந்த அன்பியத்திலும் இல்லை, எந்த ஞானஸ்நானப் பதிவேட்டிலும் இல்லை. நம்மோடு அதே கடலில் சாகிறார்கள். அவர்கள் ஊர், அங்கே அழைக்க ஒரு எண், இதையும் படகு உரிமையாளர் நம் நோட்டில் எழுதியே ஆக வேண்டும். கத்தோலிக்கர் இல்லையே என்று யாராவது சொன்னால், வேற்று இனத்தானைக் காப்பாற்றிய நல்ல சமாரியர் உவமையை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.

"அன்றன்றைக்கு எழுத யாருக்கு நேரம்?" என்று ஒரு துணைத்தலைவர் காலையில் கேட்டார். நியாயமான கேள்வி. கிறிஸ்துமஸுக்கு ஆழ்கடல் போனவர்கள் அநேகமாக எல்லோரும் ஊர் திரும்பிவிடுவார்கள். அந்த வாரம் வீடு வீடாகப் போய் ஒரு முறை எழுதிவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. பிறகு மாற்றங்களை மட்டும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் திருத்தினால் போதும். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டுமென்றால், அதற்கு வாய்த்த காலம் இந்தக் கிறிஸ்துமஸ்தான்.

ஆயர் அவர்களிடம் ஒரு தாழ்மையான விண்ணப்பம். இந்த நோட்டைப் பங்குகள் விருப்பப்பட்டால் வைக்கலாம் என்று விடாமல், ஞானஸ்நானப் பதிவேட்டைப் போல ஆண்டுதோறும் பார்வையிட வேண்டிய பதிவேடாகச் சுற்றுமடலில் அறிவிக்க வேண்டும். பக்கத்து மறைமாவட்டங்களோடும் பேசி, மூன்று இடத்திலும் ஒரே படிவம் இருக்கும்படி செய்ய வேண்டும். அதிகாரி அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: பங்கு தரும் பட்டியலைப் புயல் நாளில் முதல் பட்டியலாக ஏற்றுக்கொள்ளுங்கள். படகு கரை சேர்ந்தாலும் ஆளிடம் பேசாமல் பெயரை அடிக்காதீர்கள்.

படிவத்தின் நகல்கள் வாசலில் வின்சென்ட் தே பவுல் சபை மேசையில் இருக்கின்றன. கடலோரப் பங்குகளுக்கு அன்பியத்துக்கு ஒன்று வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சடிக்கும் செலவை உள்நாட்டுப் பங்குகள் ஏற்றுக்கொள்வதாக இன்று காலைதான் ஒப்புக்கொண்டிருக்கிறோம். மேசையை விட்டு நகரும் முன் உங்கள் பங்கின் பெயரையும், பொறுப்பேற்பவர் பெயரையும் அங்கே எழுதிவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம். மரியே வாழ்க!