களத்துல ஜெயிச்சும் பிரிட்டன் ஏன் பின்வாங்கிச்சு? ஒரு வல்லரசு இறங்கின 47 நாள்: சூயஸ், 1956

1956 நவம்பர் 6, விடியற்காலை. எகிப்தோட போர்ட் சயீத் கரைல பிரிட்டிஷ் டாங்கிகள் இறங்குது. சாயங்காலத்துக்குள்ள படை சூயஸ் கால்வாய் ஓரமா தெற்கே எல் கேப் வரைக்கும் போயிடுச்சு. அன்னைக்கு நள்ளிரவு, "நிறுத்து"ன்னு லண்டன்ல இருந்து உத்தரவு. அந்தப் படையை நிறுத்தினதுல பெரிய பங்கு அமெரிக்க நிதியமைச்சர் ஜார்ஜ் ஹம்ப்ரிக்கு. ஒரு குண்டுகூட அவருக்குத் தேவைப்படல.

1944-ல வில்லியம் ஃபாக்ஸ்னு ஒரு அமெரிக்க அறிஞர் உலக வல்லரசுகள்னு மூணு பேரைப் பட்டியல் போட்டார்: அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன். 12 வருஷத்துல மூணாவது பேரு அடிபட்டுப் போச்சு.

[திரையில்: சூயஸ் கால்வாய் வரைபடம்]

பின்னணியை வேகமா சொல்லிடறேன். ஜூலை 26, எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நடத்தின கம்பெனியை நாட்டுடைமை ஆக்கறார். அதுல பிரிட்டிஷ் அரசுக்கு 44 சதவீதப் பங்கு. அக்டோபர் கடைசில, பாரிஸ் பக்கத்துல செவ்ர்ங்கற ஊர்ல, பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூணும் ரகசியமா ஒப்பந்தம் போடறாங்க. இஸ்ரேல் முதல்ல அடிக்கும். சண்டையை விலக்கி விடறோம்னு மத்த ரெண்டு பேரும் உள்ள வரணும். அமெரிக்காகிட்ட மூச்சு விடல. அங்க அதிபர் ஐசன்ஹோவருக்கு நவம்பர் 6-ந்தேதிதான் தேர்தல்.

இனிமேதான் விஷயமே. கொஞ்சம் கவனமா கேளுங்க.

அப்போ 1 பவுண்டு 2.80 டாலர்னு நிர்ணயம். சந்தைல அது 2.78-க்குக் கீழ போக விடக்கூடாது. யாராவது பவுண்டை விக்க ஆரம்பிச்சா, பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் கையிருப்பு டாலரைக் கொடுத்து அந்தப் பவுண்டை வாங்கியே ஆகணும். போர் வரும்னு பயம் வந்ததும் எல்லாரும் விக்கறாங்க. கையிருப்புல செப்டம்பர்ல 5.7 கோடி டாலர் போச்சு. அக்டோபர்ல 8.4 கோடி. நவம்பர்ல 27.9 கோடி! 200 கோடி டாலருக்குக் கீழ போனா ஆபத்துன்னு லண்டன் நிதியமைச்சகமே ஒரு கோடு போட்டு வச்சிருந்தது. நவம்பர் கடைசில அந்தக் கோட்டையும் தாண்டிடுச்சு.

சரி, பவுண்டு மதிப்பைக் குறைச்சிட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. 1949-லதான் 4.03-ல இருந்து 2.80-க்குக் குறைச்சிருந்தாங்க. இந்தியா, இலங்கை, மலாயா, ஆஸ்திரேலியா எல்லாம் தங்களோட கையிருப்பைப் பவுண்டாவே லண்டன்ல வச்சிருந்தாங்க. கூட்டுக் குடும்பத்துல எல்லாரும் சம்பளத்தைப் பெரியவர் கையில கொடுத்து வைக்கிற மாதிரி. மலாயா ரப்பரை அமெரிக்காவுக்கு வித்து வந்த டாலரும் அந்தப் பெட்டிக்குத்தான் போச்சு. அந்தத் தோட்டங்கள்ல பால் வெட்டினவங்கள்ல ஏராளமானவங்க தமிழர்கள். மறுபடி மதிப்பைக் குறைச்சா, எல்லாரும் அவங்கவங்க பணத்தை எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க.

இதுக்கு நடுவுல எண்ணெய். எகிப்து கப்பல்களை மூழ்கடிச்சுக் கால்வாயை அடைச்சிடுச்சு. சிரியாவுல குழாய் எண்ணெயைத் தள்ளற பம்பு நிலையங்களைத் தகர்த்துட்டாங்க. சவூதியும் தடை போட்டது. பாக்கி வழி அமெரிக்கக் கண்டத்து எண்ணெய், அதுக்கு டாலர் வேணும். எதைக் காப்பாத்தப் போருக்குப் போனாங்களோ, அந்த எண்ணெய் வழியை அந்தப் போரே அடைச்சது. டிசம்பர் 17-ல இருந்து பிரிட்டன்ல பெட்ரோலுக்கு ரேஷன்.

கடைசி வழி, நாடுகளுக்குக் கடன் கொடுக்கற சர்வதேச நாணய நிதியம், அதாவது ஐ.எம்.எஃப். அங்க அதிக ஓட்டு அமெரிக்காவுக்கு. "முதல்ல படையை எடுங்க, அப்புறம் பணம்"ங்கறதுதான் ஹம்ப்ரியோட நிலை. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விவரம் ஒண்ணு: பிரான்ஸ் போருக்கு முன்னாடியே, அக்டோபர்லயே, ஐ.எம்.எஃப்.ல கடனுக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருச்சு! அதனால பாரிஸுக்கு இந்த நெருக்கடி அவ்வளவு உறைக்கல. பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹெரால்ட் மேக்மில்லன் அதைச் செய்யல. என் கணக்குல இந்தப் போரோட மிகப் பெரிய தப்பு இதுதான்.

[திரையில்: தேதிகள் மட்டும்]

டிசம்பர் 3: படையை விலக்கிக்கறோம்னு பிரிட்டன் அறிவிப்பு. டிசம்பர் 10: ஐ.எம்.எஃப். ஒப்புதல், உடனடியா 56.1 கோடி டாலர், தேவைப்பட்டா எடுத்துக்க இன்னும் 73.9 கோடி. நடுவுல ஒரே வாரம். டிசம்பர் 22: கடைசிப் படையும் கிளம்பியாச்சு. ஜனவரில பிரதமர் ஈடன் ராஜினாமா, அந்த நாற்காலிக்கு மேக்மில்லன்.

1957-ல திருகோணமலை கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் இலங்கைகிட்ட ஒப்படைச்சாங்க. 1967-ல பவுண்டு 2.40 டாலருக்கு இறங்கிச்சு; 1968-ல, சூயஸுக்குக் கிழக்கே இருக்கற படைகளைத் திருப்பி எடுக்கறதா அறிவிச்சாங்க.

"அடுத்த சூயஸ் அமெரிக்காவுக்கு"ன்னு நிறைய வீடியோ பார்த்திருப்பீங்க. அவசரப்படாதீங்க. உலக நாடுகளோட கையிருப்புல டாலரோட பங்கு 1999-ல 71 சதவீதம், இப்போ 60-க்குக் கீழ. 2024 நிதியாண்டுல அமெரிக்கா ராணுவத்துக்குச் செலவழிச்சதை விட வட்டிக்குக் கட்டினது அதிகம். ஆனா அந்தக் கடன் அவங்க சொந்த நாணயத்துல இருக்கு. காப்பாத்தியே ஆகவேண்டிய 2.78-ங்கற கோடும் அவங்களுக்குக் கிடையாது. அதனால ஒரு ஹம்ப்ரி வந்து ஒரே வாரத்துல பணிய வைக்கறது இப்போதைக்கு நடக்காது. தேயறதுன்னா மெதுவாத்தான் தேயும்.

செப்டம்பர்லயே மேக்மில்லன் ஐ.எம்.எஃப்.ல பணத்தை எடுத்து வச்சிருந்தா பிரிட்டிஷ் படை எல் கேப்பைத் தாண்டியிருக்குமா? உங்க கணக்கைக் கமெண்ட்ல எழுதுங்க, எண்ணெய்த் தடையையும் சேர்த்துப் பாருங்க.