ஹீபர் ஐயர் எழுதிய ஞாயிற்றுப் பாடல்கள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

திருச்சி வயலூர் சாலையில் பிஷப் ஹீபர் கல்லூரிக்கு நாள்தோறும் பேருந்தில் வந்து இறங்குகிற பிள்ளைகள் ஏராளம். அந்த ஹீபர் பாட்டெழுதிய குருவானவர் என்பதை அவர்களில் பலர் அறியாதிருப்பது எனக்கு வருத்தமே.

ரெஜினால்ட் ஹீபர் 1807 முதல் ஏறத்தாழ 16 ஆண்டுகள் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஹாட்னெட் என்னும் சிற்றூரின் குருவாக ஊழியம் செய்தார். அக்காலத்தில் ஆங்கிலிக்கன் எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களில், வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலுள்ள துதிகளைச் செய்யுளாக்கிப் பாடுவதே முறை. புதிதாக இயற்றிய ஞானப்பாட்டுகளை மெதடிஸ்டுகள் என்னும் எழுப்புதல் இயக்கத்தாரின் வழக்கமென்று பலர் ஐயத்தோடு பார்த்தார்கள். ஹீபரோ, திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் அன்றைய வேதவாசிப்புக்கு இசைந்த பாடல் வேண்டுமென்று எண்ணி, தாமே எழுதியும் நண்பர்களிடம் கேட்டு வாங்கியும் ஒரு தொகுப்பை உருவாக்கினார். அவர் உயிரோடிருந்தவரை அது நூலாகவில்லை.

1819இல் ரெக்ஸம் நகரில், மாமனாரின் வீட்டில், மறுநாள் ஆராதனைக்கு மிஷனரிப் பாடல் ஒன்று வேண்டுமென்று மாமனார் கேட்டபோது, ஹீபர் அறையின் ஓரமாகப் போய் உட்கார்ந்து சற்று நேரத்தில் எழுதி முடித்தார். இலங்கையின் எழிலைப் புகழ்ந்துவிட்டு அங்கே மனிதன் மட்டுமே இழிந்தவன் என்று சொல்லும் அடி அதில்தான் வருகிறது. அந்தத் தீவைக் கண்ணால் காணாமல் எழுதிய அந்த அடியை என்னால் இன்றும் மனமொப்பிப் பாட முடியவில்லை.

1823இல் கல்கத்தாவின் பேராயராக இந்தியா வந்த ஹீபர், 1826ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையைத் தஞ்சாவூரில் கொண்டாடி, தமிழ்ச் சபையாருக்குத் தமிழிலேயே ஆசி கூறினார். அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்தவர், ஏப்ரல் 3ஆம் நாள் காலை கோட்டைப் பகுதி ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை (ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் கைவைத்து விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) நடத்திவிட்டு, தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, வெயிலின் களைப்புத் தீர அங்கிருந்த குளியல் தொட்டியில் இறங்கினார். நெடுநேரமாகியும் வெளியே வராததைக் கண்டு பணியாள் உள்ளே போய்ப் பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது. அப்போது அவருக்கு வயது 42. தூய யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மறு ஆண்டு அவருடைய மனைவி அமீலியா அந்தப் பாடல்களை நூலாக வெளியிட்டார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரித்துவத்தைப் போற்றும் திரித்துவ ஞாயிற்றுக்காக ஹீபர் எழுதிய பாடலுக்கு 1861இல் ஜான் பேக்கஸ் டைக்ஸ் அமைத்த ராகத்தில்தான், ‘தூய தூய தூயா’ என்று தமிழ்ச் சபைகள் இன்றும் எழுந்து நின்று பாடுகின்றன.